கல்கத்தாவில் கறுப்புத் தட்டுகள்

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளி கோயிலையும் ஹௌரா பாலத்தையும் தரிசித்துவிட்டு, ரசகுல்லாவும் கையுமாக ரயிலேறி விடுவது வழக்கம். பொழுது மிச்சமிருந்தால் பிரீ ஸ்கூல் தெருவிலும் ஒரு நடை நடந்து பார்க்கலாம். சர்க்கார் அதற்கு மீர்ஜா காலிப் தெரு என்று பெயர் மாற்றியிருக்கிறது. பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைகிறவர்களின் வாயில் மட்டும் இன்னமும் பழைய பெயர்தான் வருகிறது.

இங்கே 'ராக் அண்டு ரோல்' தட்டு கிடைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1954-ஆம் வருஷம் ஜூலை மாதம், அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது வாலிபன் பாடிய முதல் பாட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டாகவும் வெளிவந்தது. அத்தகைய தட்டுகளுக்கு உயிர்ச்சரக்கு அவலரக்கு. அதுவோ, சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் பூச்சி கட்டிய கொம்பரக்கிலிருந்து வருவது. நம் காட்டு அரக்கு கப்பலேறிப் போய்ப் பாட்டாகத் திரும்பி வந்தது என்று சொன்னால் அதிகம் தவறில்லை.

1960-க்குள் அமெரிக்காவும் இங்கிலாந்தும் அரக்குத் தட்டை அநேகமாகக் கைவிட்டன. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலை விடவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்தானே இருந்தது? ஆகவே 1960-களின் நடுவில்கூடப் பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டுகள் அங்கே அரக்கில் அச்சாயின. அவற்றுக்காக இன்று வெளிநாட்டு ரசிகர்கள் தவம் கிடக்கிறார்கள்.

தட்டு வாங்குவது தேங்காய் வாங்குவது மாதிரிதான். நடுவில் பிடித்துக்கொண்டு விரல் கணுவினால் விளிம்பை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல தட்டு கணீரென்னும். மயிரிழைப் பிளவு இருந்தால் சுருதி கெட்டுக் கரகரக்கும். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். கருமை மாறிச் சாம்பல் பூத்திருந்தால், எஃகு ஊசி பள்ளங்களை உழுதுவிட்டது என்று அர்த்தம். ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டும் என்பது சாஸ்திரம்; நடனமாடுகிற அவசரத்தில் யார் மாற்றினார்கள்? விளிம்பு பெயர்ந்திருந்தாலும் பள்ளத்தைத் தொடாதவரை பாதகமில்லை. பளபளப்பைக் கண்டு மட்டும் மயங்கக்கூடாது. எண்ணெய்த் துணியின் உபயமாக இருக்கலாம். சாராயச் சத்துள்ள எதனாலும் துடைக்கவும் கூடாது. அரக்கு கரைந்து பாட்டும் கூடவே போய்விடும்.

ரசிகர்கள் தரத்தை எழுத்துக்களால் குறிக்கிறார்கள்: என், ஈ, வீ, ஜீ, எஃப், பீ. 'என்' என்றால் புத்தம் புதிது. 'ஜீ' என்பது 'குட்' என்ற வார்த்தையின் முதலெழுத்து. ஆனால் அந்தத் தட்டில் பாடகர் அடைமழையில் நின்று பாடுவதுபோல் கேட்கும்! கடைக்காரருக்கோ எல்லாமே 'பஸ்ட் கிளாஸ்'.

லேபிளில் பேனாவால் எழுதியிருந்தாலும் தரம் ஒரு படி இறங்கும். நான் பார்த்த பில் ஹேலி தட்டு ஒன்றில் ஒரு பெண்ணின் பெயரும், '1957 கிறிஸ்துமஸ்' என்பதும் நீல மையில் இருந்தன. எத்தனையோ ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இந்த நகரத்தைவிட்டு ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. கனமான தட்டுகளை யார் சுமப்பார்கள்? மையெழுத்துக்காக விலையைக் குறைக்கும் விதி எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் கடைக்காரர் தாமாகவே குறைத்தபோது நான் தடுக்கவில்லை.

வாங்கிய தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைத்து, இடையிடையே அட்டை கொடுத்துக் கட்டவேண்டும். ஹௌராவில் மூட்டையைப் போர்ட்டர் தலையில் ஏற்றாமல் மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம். வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம். சூட்டில் தட்டு அப்பளமாக நெளிந்துவிடும்.