ஹேவ்லாக் கல்யாணமும் தூத்துக்குடிச் சங்கும்

ராதாநகரை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று 2004-ல் டைம் பத்திரிகை புகழ்ந்ததிலிருந்து, அந்தமானின் ஹேவ்லாக் தீவு என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கு வெள்ளை மணல்தான். (2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியும் பழைய பெயர் வாயைவிட்டுப் போகவில்லை.) கடலோர விடுதிகளில் பெருநகரத்துப் பணக்காரர்கள் பூப்பந்தல் போட்டு மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அது தீவின் கல்யாணம் அல்ல.

தீவின் கல்யாணத்துக்குக் கோவிந்த நகர், சியாம் நகர், கிருஷ்ணா நகர் என்று உள்ளே போக வேண்டும். பிரிவினையில் கிழக்கு வங்கத்தை விட்டு வந்த இந்துக் குடும்பங்களை 1950களில் அரசு இங்கே குடியமர்த்தியது. வீடும் வயலும் பறிபோனவர்கள் கையோடு கொண்டுவந்தது சடங்குகளை.

வங்காளிக் கல்யாணத்தில் தமிழருக்குப் பாதி பழக்கமானது. மஞ்சள் பூசுவது நம் நலங்கு. பெண்கள் எழுப்பும் 'உலு' நம் தென்மாவட்டத்துக் குலவை. மீதி புதிது. நெட்டியில் செய்த கூம்புத் தொப்பியோடு மாப்பிள்ளை நிற்க, வெற்றிலையால் முகத்தை மறைத்த பெண்ணை மணைப்பலகையோடு தூக்கி அவரை ஏழு முறை சுற்றுகிறார்கள். பிறகுதான் வெற்றிலை விலகும். புகுந்த வீடு புறப்படும்போது, பெண் திரும்பிப் பார்க்காமல் பின்புறமாக அரிசி வீச, தாய் முந்தானையில் ஏந்துகிறாள். பெற்ற கடன் தீர்ந்ததென்று அர்த்தமாம். அரிசியில் தீருகிற கடனா அது? அந்த வாசகத்தைச் சொல்ல மறுக்கும் மணப்பெண்கள் இப்போது வங்காளிகளிடையே உண்டு.

தாலி கிடையாது. வகிட்டில் செந்தூரம், கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும். தமிழருக்குச் சங்கதி இருப்பது இந்த வெள்ளை வளையலில்தான். டாக்காவின் சாங்காரி பஜாரில் வளையல் அறுப்பவர்கள், காலால் பற்றிய சங்கைப் பெரிய பிறை வடிவ ரம்பத்தால் வட்டம் வட்டமாக அறுத்தார்கள். அங்கே மன்னார் வளைகுடாவிலிருந்தும் சங்கு போனது. தூத்துக்குடியிலும் ராமேஸ்வரம் பக்கத்திலும் முக்குளித்து எடுத்தவை. கொற்கை அகழாய்வில் அறுத்த சங்குகள் கிடைத்திருக்கின்றன. நக்கீரரைச் சங்கறுக்கும் குலம் என்று சிவன் குத்திக்காட்டும் கதையும் நமக்குத் தெரியும். நம் பெண்கள் கையிலிருந்து அந்த வளையல் எப்போதோ கழன்றுவிட்டது, வங்காளத்தில் நிலைத்துவிட்டது.

அங்கே அது நகை மட்டுமல்ல. கணவன் இறந்தால் உடைக்கிறார்கள். 1946 நவகாளிக் கலவரத்தில், கட்டாய மதமாற்றத்தின்போது பெண்களின் செந்தூரத்தை அழித்து, சங்கு வளையல்களை உடைத்தார்கள். அந்த மண்ணை விட்டு வந்தவர்களின் பேத்திகள் ஹேவ்லாக்கில் மணமேடை ஏறும்போது, தாய்மார்கள் வளையலில் விரிசல் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பதில் ஆச்சரியமில்லை. வங்காளக் கடைகளில் மலிவான பிளாஸ்டிக் வளையலும் வந்துவிட்டது. வேலைக்கு அது போதும். கல்யாணத்துக்குச் சங்கு வேண்டும்.