அழுகலும் அமுதமும்

ஒரு நாட்டின் தேசிய கீதம் இறைவேண்டலாகவே அமைவது அரிது. அவ்வேண்டலுக்குள் ஒரு திராட்சைத் தோட்டத்திற்கும் இடம் கிடைப்பது அதனினும் அரிது. ஹங்கேரி நாட்டிற்கு இவ்விரண்டும் வாய்த்துள்ளன. 1823ஆம் ஆண்டில் கவிஞர் ஃபெரென்ட்ஸ் கொல்ச்செய் எழுதிய அப்பாடல், தம் மக்களுக்கு ஆசி வேண்டிக் கடவுளை அழைக்கிறது. அவர் அருளிய கொடைகளை எண்ணும்போது, சமவெளியின் கோதுமையோடு டோக்காய் மலைச்சரிவின் கொடிகளில் ஊறும் இனிமையையும் நன்றியுடன் நினைவுகூர்கிறது. பின்வரும் பகுதிகளிலோ போரும் அடிமைத்தனமும் அழிவும் பேசப்படுகின்றன. இரக்கத்திற்கான மன்றாட்டோடு பாடல் முடிகிறது. இனிமையையும் அழிவையும் ஒரே வேண்டுதலுக்குள் வைத்த அக்கவிஞர், டோக்காய் மண்ணின் இயல்பை உள்ளபடி உணர்ந்தவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திராட்சை மதுவைப் பற்றி ஒரு குரு எழுதலாமா என்று வாசகர் சிலர் தயங்கலாம். குடியினால் குலைந்த குடும்பங்களின் கண்ணீரைப் பங்கு இல்லத்தின் வாசலில் அடிக்கடி காண்கிறவர்கள் நாம். எனவே அத்தயக்கம் நியாயமானதே. குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் நாள்தோறும் பலிபீடத்தில் நாம் ஏந்தும் கிண்ணத்தில் இருப்பது, எங்கோ ஒரு கொடியில் காய்த்து, யாரோ ஒருவர் முதுகு வளைந்து பறித்த கனியின் சாறு. காணிக்கை மன்றாட்டு அதனை இறைவனின் கொடை என்கிறது. மனித உழைப்பின் பயன் என்றும் சொல்கிறது. அந்த உழைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது இறைமக்களுக்குப் பொருந்தாத செயல் ஆகாது.

திருப்பலிக்குரிய திராட்சை இரசம் இயற்கையானதாகவும், திராட்சைக் கனியிலிருந்து பெறப்பட்டதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் எண். குருமடத்தில் இதனை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். டோக்காய் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, ‘கெட்டுப்போகாதது’ என்னும் அச்சொல் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஏனெனில், உலகின் மிகப் புகழ்பெற்ற இனிய இரசங்களுள் ஒன்று அழுகிய கனியிலிருந்தே பிறக்கிறது.

ஹங்கேரியின் வடகிழக்கில் செம்ப்ளேன் மலைத்தொடரின் அடிவாரத்தில் பரந்திருப்பது டோக்காய் வட்டாரம். என்றோ அவிந்துபோன எரிமலைகளின் மண் அது. போட்ரோக், டிஸா என்னும் இரு ஆறுகள் டோக்காய் நகரருகே கூடுகின்றன. இலையுதிர்காலத்தில் ஆற்றோரங்களிலிருந்து காலைதோறும் மூடுபனி எழுந்து, மலைச்சரிவுகளின் மேல் கவிகிறது. நண்பகலில் வெயில் வந்து பனியைக் கலைக்கிறது. மாலைக் காற்று ஈரத்தைத் துடைக்கிறது. இப்பனியும் வெயிலும் மாறி மாறி வருவதில்தான் டோக்காயின் மறைபொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பனியின் ஈரத்தில் கனிகளின் மேல் ஒரு பூசணம் படர்கிறது. ‘போட்ரைடிஸ்’ என்பது அதன் பெயர். எந்தத் திராட்சைத் தோட்டத்திற்கும் அது கொடிய பகையே. மழை தொடர்ந்து பெய்தால் அப்பூசணம் கட்டுக்கடங்காமல் பெருகும், தோல் வெடிக்கும், குலை முழுவதும் சாம்பல் நிறமாகி அழியும். ஆனால் காலையில் பனியும் பிற்பகலில் வெயிலும் முறையாக வாய்க்குமாயின், அதே பூசணம் வேறொரு வேலையைச் செய்கிறது. கனியின் தோலை நுண்ணியதாய்த் துளைக்கிறது. அவ்வழியே நீர் ஆவியாகிறது, கனி சுருங்குகிறது, உள்ளிருக்கும் இனிப்பும் புளிப்பும் மணமும் செறிகின்றன. முன்னதைச் சாம்பல் அழுகல் என்பர். பின்னதை மாண்புறு அழுகல் என்பர். பூசணம் ஒன்றே, முடிவு இரண்டு.

அவ்வாறு வற்றிச் சுருங்கிய கனியை ஹங்கேரியர் ‘அசூ’ என்று அழைக்கின்றனர். ஒரு குலையிலுள்ள எல்லாக் கனிகளும் ஒரே நாளில் அசூ ஆவதில்லை. எனவே குலையாக அறுக்க முடியாது. ஒவ்வொரு கனியாகத் தேர்ந்து பறிக்கவேண்டும். இன்று சில கனிகள். ஒரு வாரம் கழித்து அதே கொடியில் வேறு சில. அக்டோபரிலும் நவம்பரிலும் பறிப்பவர்கள் அதே வரிசைகளுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வருகின்றனர். நாள் முழுவதும் பறித்தாலும் ஒருவருடைய கைக்குக் கிடைப்பது சில கிலோ மட்டுமே. பருவம் பொய்த்த ஆண்டுகளில் அதுவும் இல்லை.

முற்காலத்தில் இக்கனிகளை முதுகில் சுமக்கும் மரக்கூடையில் சேர்த்தனர். ‘புத்தோனி’ எனப்பட்ட அக்கூடை ஏறத்தாழ 25 கிலோ கொள்ளும். 136 லிட்டர் அளவுள்ள பீப்பாய் ஒன்றுக்கு எத்தனை கூடை அசூ சேர்க்கப்பட்டது என்பதைக் கொண்டே இரசத்தின் தரம் சொல்லப்பட்டது. மூன்று கூடை, நான்கு கூடை என ஆறு வரை அக்கணக்கு வழங்கிற்று. பிசைந்த கனிகளைப் புளிக்கும் சாற்றிலோ புதிய இரசத்திலோ ஊறவைத்து, பின்னர் பிழிந்து, பீப்பாயில் அடைத்துக் காத்திருப்பர். 2013ஆம் ஆண்டில் விதிகள் கடுமையாக்கப்பட்டன. லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இல்லாதது அசூ என்னும் பெயர் பெறாது. ஓக் மரப் பீப்பாயிலும் அது குறைந்தது 18 மாதங்கள் இருத்தல் வேண்டும்.

இதனினும் அரியது ‘எஸென்சியா’. குவித்து வைத்த அசூ கனிகள் தம் பாரத்தினாலேயே, எவரும் பிழியாமல், சொட்டுச் சொட்டாய்க் கசியவிடும் சாறு அது. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை அதில் இருக்கும். அவ்வளவு இனிப்பில் நொதிகூட எளிதில் வேலை செய்யாது. நொதித்தல் ஆண்டுக்கணக்கில் நீளும். பாறையைக் குடைந்து அமைத்த தாழ்ந்த நிலவறைகளில் இவை உறங்குகின்றன. அங்கும் சுவரெங்கும் கரும்பூசணம் மெத்தைபோல் படர்ந்திருக்கும். பீப்பாய்களிலிருந்து எழும் ஆவியே அதன் உணவு. அந்நிலவறைக்காரர்கள் அதனைச் சுரண்டி எறிவதில்லை.

அசூவின் தோற்றத்தைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. 1630ஆம் ஆண்டையொட்டி, துருக்கியப் படையின் அச்சத்தால் அறுவடை தள்ளிப்போடப்பட்டதாம். அதற்குள் கனிகள் பூசணம் பூத்துச் சுருங்கிவிட்டன. செப்ஷி லாட்ஸ்கோ மாத்தே என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர் அவற்றை எறிந்துவிடாமல் இரசமாக்கி, தம் தலைவியான ஜுஜன்னா லோராந்த்ஃபிக்கு உயிர்ப்புப் பெருவிழாவில் அளித்தார் என்பர். 1571ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றிலேயே அசூ குறிக்கப்பட்டிருப்பதால், அவரை முதல்வர் எனக் கொள்ள இயலாது. எனினும் மக்கள் அக்கதையை விட்டுவிடவில்லை. அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் தோட்டத்தின் பெயர் ‘ஒரேமுஸ்’. ‘மன்றாடுவோமாக’ என்னும் பொருளுடைய அந்த இலத்தீன் சொல்லைத் திருப்பலியில் கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கத்தோலிக்க மரபிலும் டோக்காய்க்குக் கதை உண்டு. திரிதெந்தியப் பொதுச்சங்கத்திற்குச் சென்ற ஹங்கேரிய ஆயர் ஒருவர் டால்யா என்னும் ஊரின் இரசத்தைத் திருத்தந்தை நான்காம் பயசுக்கு அளித்தாராம். ‘இத்தகையவை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அவ்வூரின் பெயரைப் போலவே ஒலிப்பதைக் கண்டு, திருத்தந்தை சிலேடையாகப் பாராட்டினார் என்பர். இக்கதைகளைவிட நம் உள்ளத்தைத் தொடுவன எளிய மக்களின் வழக்கங்களே. இன்றைய ஹங்கேரியின் சொம்பட்ஹெய் நகரம் இருக்கும் இடத்தில் பிறந்தவர் புனித மார்ட்டின். நவம்பர் 11ஆம் நாள் அவர் திருநாளில் அந்நாட்டார் புது இரசத்தைச் சுவைத்துப் பார்க்கின்றனர். டிசம்பர் 27ஆம் நாள், திருத்தூதர் யோவானின் திருநாளில், இரசத்தைக் கோவிலுக்குக் கொணர்ந்து மந்திரிக்கச் செய்கின்றனர். மந்திரித்த இரசத்தில் சிறிது வீட்டுப் பீப்பாய்களில் ஊற்றப்படும். ஆண்டு முழுவதும் அது கெடாதிருக்கவேண்டும் என்பதே அவர்களின் வேண்டுதல்.

கெடாதிருக்கும் காலம் நெடிது நிலைக்கவில்லை. 1737ஆம் ஆண்டின் அரச ஆணையால் எல்லை வரையறுக்கப்பட்டு, அரண்மனைகளின் உணவறைகளை அலங்கரித்த அம்மண்ணில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலோக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி நுழைந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அப்பூச்சி கொடிகளை வேரோடு அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டே தோட்டங்களை மீட்டனர். பகை வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுந்த பொதுவுடைமை ஆட்சியில் தோட்டங்களும் நிலவறைகளும் அரசின் கைக்குச் சென்றன. சிறு உழவர்களின் கனிகளெல்லாம் அரசின் பெருநிறுவனத்தில் ஒன்றாய்க் கலந்தன. சோவியத் சந்தைக்கு அளவே தேவைப்பட்டது. தரத்தை எவரும் கேட்கவில்லை. இழுவை எந்திரம் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகள் கைவிடப்பட்டுப் புதர் மண்டின. நல்ல கனி கொடுத்த நிலம் அதுவே. அழுகலே கெடுக்காத இரசத்தை, அவசரம் கெடுத்தது.

இக்காயங்களெல்லாம் காலத்தால் ஓரளவு ஆறின. 1990க்குப் பின் நிலங்கள் மீண்டும் தனியார் கைக்கு வந்தன. பிரான்சு, ஸ்பெயின், பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்து முதலீடு வந்தது. மாட் என்னும் ஊரின் இஷ்ட்வான் செப்ஷி போன்றோர் விளைச்சலைக் குறைத்து, கனிக்குக் கனி தேரும் பழைய ஒழுங்கை மீட்டனர். கைவிடப்பட்ட சரிவுகளில் மீண்டும் கொடிகள் ஏறின. 2002ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்வட்டாரத்தை உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பன்னோன்ஹால்மா ஆசீர்வாதப்பர் சபை மடம் நாட்டின் மறுகோடியில் உள்ளது. ஆட்சியினர் பறித்த தோட்டங்களுக்கு ஈடாக மீண்டும் கொடி நட்டு, 2003 முதல் அம்மடமும் இரசம் செய்து வருகிறது.

இவ்வளவில் நிறுத்தினால் இது இனிய கதையாக முடிந்துவிடும். ‘துன்பம் மனிதரை இனிமையாக்கும், பூசணம் கனியைத் தேனாக்குவதுபோல’ என்று ஒரு மறையுரைக்கும் பயன்படும். ஆனால் அதே மாட் ஊரில், 1795ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அழகிய யூதத் தொழுகைக்கூடம் ஒன்று நிற்கிறது. டோக்காய் இரசத்தை உலகிற்குக் கொண்டு சென்றவர்களுள் யூத வணிகர் முதன்மையானவர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கே கொடி வளர்த்தனர், நிலவறைகளைக் காத்தனர். 1944ஆம் ஆண்டின் மே முதல் ஜூலை வரை, ஹங்கேரியிலிருந்து நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். மாட் ஊராரும் அவர்களோடு சென்றனர். கொடிகள் பூக்கும் பருவம் அது. தொழுகைக்கூடம் இப்போது செப்பனிடப்பட்டு ஒளிர்கிறது. அங்கே தொழ வேண்டியவர்கள்தாம் இல்லை.

அந்த வெற்றிடத்தின் முன் நின்று, எல்லா அழுகலும் அமுதமாகும் என்று சொல்ல எவருக்கு நா எழும்? கோதுமை மணி மண்ணில் மடிந்தால் மிகுந்த பலன் அளிக்கும் என்று ஆண்டவர் மொழிந்தது (யோவா 12:24) தம் உயிரைத் தாமே கையளித்ததைக் குறித்து. பிறரை மண்ணில் புதைப்பவர்களுக்கு அவர் சான்றிதழ் வழங்கவில்லை. சிலுவை மீட்பின் கருவியாயிற்று என்று நம்புகிறோம். அதற்காகச் சிலுவையில் அறைந்தவர்களின் சுத்தியலை நாம் முத்தமிடுவதில்லை. துன்பத்திற்குத் தன்னளவில் புனிதப்படுத்தும் ஆற்றல் இல்லை. பூசணத்திற்குத் தன்னளவில் இனிமை இல்லாததுபோலவே.

அன்பர்களே, டோக்காய் நமக்குக் கற்பிப்பது வேறு. ஒரே பூசணம் ஒரு தோட்டத்தில் அழிவாகவும் மற்றொன்றில் இனிமையாகவும் முடிவதற்குப் பூசணம் காரணமன்று. பனிக்குப் பின் வெயில் வந்ததா? பறிக்க ஆள் வந்தாரா? ஒருமுறை பார்த்துவிட்டுப் போகாமல் மீண்டும் வந்தாரா? இவையே அதனைத் தீர்மானிக்கின்றன. மகனை இழந்த தாயிடம், வேலை பறிபோன தந்தையிடம், நோயில் வாடும் இளையவரிடம், ‘இதுவும் உமது நன்மைக்கே’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது மழை நாளில் தோட்டத்தைப் பார்த்து, இனிக்கும் என்று வாழ்த்திவிட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். அவர்களுக்குத் தேவைப்படுவது விளக்கமன்று, வெயில். அவ்வெயிலை அளிப்பவர் இறைவன். ஆயினும் அவர் அதனைப் பெரும்பாலும் அயலாரின் வாசற்படி வழியாகவே அனுப்புகிறார்.

குலையாக அறுக்க முடியாது என்பதையும் நினைவிற்கொள்வோம். துன்புறுவோரை மொத்தமாகத் தேற்ற இயலாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் இன்று பேச ஆயத்தமாயிருப்பார். மற்றவருக்கு இன்னும் பல வாரங்கள் வேண்டும். அன்பியக் கூட்டங்களில் வீடுதோறும் செல்லும் பொதுநிலையினர் இதனை நம்மைவிட நன்கு அறிவர்.

சட்டம் கேட்பது கெட்டுப்போகாத இரசத்தை. வடு இல்லாத கனியை அது கேட்கவில்லை. உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்காமலேயே சீடர்கள் நடுவில் நின்றார். பனியில் நனைந்து சுருங்கிய ஒரு கனி, கெட்டழியாமல் கிண்ணத்தை வந்தடையக்கூடும். ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை. நவம்பர்க் குளிரில், பறித்து முடிந்ததென்று பிறர் விட்டுச் சென்ற வரிசைக்கு, நான்காம் முறையாகத் திரும்பிச் செல்கிறவரின் கூடையில்தான் அது வந்து விழுகிறது.