டெல்டாக் கோயில்களும் ஒரு கிட் லென்ஸும்

கோயில் பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் அண்மைக்காலமாக எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "காமிரா வாங்கிவிட்டேன். கையில் மிச்சம் பத்தாயிரம் ரூபாய். எந்த லென்ஸ் வாங்கலாம்?" கல்வெட்டில் ஐயம் கேட்பார்கள் என்று காத்திருப்போர்க்கு இது சற்றே ஏமாற்றந்தான். எனினும் பழைய லென்ஸும் இரவல் லென்ஸுமாகத் தஞ்சைத் தரணியைப் பலமுறை சுற்றியவர்கள் என்ற வகையில் எங்களுக்குத் தோன்றும் விடையைச் சொல்கிறோம். உடனே எதுவும் வாங்க வேண்டாம். காமிராவோடு வந்த 18-55 லென்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறே கிளம்புங்கள்.

பலரும் இளப்பமாகப் பேசும் லென்ஸ் அது. பெரிய கோயிலிலேயே அதைச் சோதிக்கலாம். விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்து விழுவதுபோல் படம் வரும். காமிராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால்தான் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். கேனனின் சிறிய சென்சார் காமிராவைச் செங்குத்தாகத் திருப்பி, 18 மி.மீ. வைத்து, விமானத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளி நின்றால் கலசம் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கீழ்ப்பாதி முழுக்கக் கல்தளமாக இருக்கும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். திருச்சுற்றின் நீளம் 240 மீட்டர். தள்ளி நிற்க இடத்துக்குப் பஞ்சமில்லை. இதற்கெனவே செய்யப்படும் சாய்வு லென்ஸ்களின் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சாயும்.

அடுத்து புள்ளமங்கை. தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், பசுபதிகோயிலை ஒட்டிய ஊர். முதலாம் பராந்தகர் காலக் கோயில். அங்குள்ள இராமாயணச் சிற்றுருவச் சிற்பங்களைக் காணச் செல்பவர் முதலில் தேடுவது அவை எங்கே என்பதைத்தான். உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய அளவில் ஒரு முழுக்காட்சியே செதுக்கப்பட்டிருக்கும். இங்கே பலரும் புகழும் 50 மி.மீ. லென்ஸ் திணறுகிறது. கேனனின் பழைய 50 எஃப் 1.8 லென்ஸ் 45 செ.மீ.க்கு நெருங்கி வர ஒப்பாது; 15 செ.மீ. அகலத்துக்குக் குறைந்த எதுவும் அதன் சட்டத்தை நிரப்பாது. நடுக்கம் குறைக்கும் வசதியுள்ள 18-55 லென்ஸோ 25 செ.மீ. வரை வரும், ஏழு செ.மீ.க்கும் குறைந்த அகலத்தைச் சட்டம் முழுக்கக் காட்டும். தாராசுரத்து நாயன்மார் வரிசைக்கும் இதுவே போதும். மேக்ரோ லென்ஸுக்குக் கடன் வாங்க நினைக்கும் நண்பர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

ஒளி போதவில்லை என்பார்கள். லென்ஸை மாற்றுமுன் மாதத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது எங்கள் கட்சி. தஞ்சை ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் கதிரவனே நமக்கு வடக்கில்தான் நிற்கிறான். ஆண்டில் பெரும்பகுதி நிழலில் கிடக்கும் வடசுவரை, அங்கே நிற்கும் பிரம்மனையும் துர்க்கையையும், ஆனி மாதக் காலை ஒளி பக்கவாட்டில் தடவிச் செல்லும். தென்சுவரின் தட்சிணாமூர்த்திக்கு மார்கழியும் தையும் உகந்தவை. நிழல் மீறினால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை எதிரில் பிடிக்கலாம். தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அட்டைக்கு இதுவரை எவரும் எங்களைத் தடுத்ததில்லை.

கல்வெட்டுக்கு வருவோம்; எங்களுக்கு இதுவே முதன்மை. நாங்கள் எடுப்பவை பெரும்பாலும் வாசிக்க வேண்டிய படங்கள். 18இல் எடுத்தால் கல்வெட்டு வரிகள் பீப்பாய்போல் வளைகின்றன. 35க்குக் கொண்டுவந்தால் நிமிர்கின்றன. ஆனால் குறுகிய திருச்சுற்றில் இரண்டு மீட்டருக்கு மேல் பின்னால் போக முடியாது. அங்கிருந்து 35இல் எடுத்தால் ஒன்றேகால் மீட்டர்ச் சுவரே அடங்கும். என்ன செய்வது? நடக்க வேண்டும். ஒரு படம், சுவரோடு இணையாக இரண்டடி, மறுபடி ஒரு படம்.

இந்த முறை தஞ்சைக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை மெழுகு தோய்த்த காகித நெகடிவில், துண்டு துண்டாக, சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை ஒட்டிச் சேர்த்த நெடும்படம் 19 அடி நீளம். அக்கல்வெட்டுகளை ஹுல்ஷ் வாசித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதியாக வெளியிட்டது 1891இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே படம் தயாராக இருந்தது. டிரைப்புக்கும் பணத்தட்டுப்பாடு வந்து சேர்ந்தது. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெலியன், ஒளிப்படப் பிரிவை வீண் செலவென்று மூடிவிட்டார்.

நல்ல லென்ஸ் வாங்கப் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடும் நண்பர்களிடம் நாங்கள் சற்றுக் கடுமையாகவே பேசுவதற்குக் காரணம் உண்டு. திருப்பணியின்போது கருங்கல் மீது மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்ததால் எழுத்து மழுங்கிய சுவர்களைப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்புக்கும் ஆயில் பெயிண்டுக்கும் அடியில் போன வரிகளையும் பார்த்திருக்கிறோம். சிற்றூர்க் கோயில் ஒன்றில் அடித்தளத்தில் இரண்டு வரிகளைச் சிமெண்ட் தளம் விழுங்கியிருந்தது. முன்பு யாரோ சாதாரணக் காமிராவில் எடுத்து வைத்திருந்த படத்தில் மட்டும் அவை இருக்கின்றன. அப்படம் அத்தனை கூர்மையில்லை. ஆனால் நிலம் அளந்த கோலின் பெயரை வாசிக்க முடிகிறது.

பத்தாயிரத்தை என்னதான் செய்வது என்றால், பெரும்பாலோர்க்கு 50 எஃப் 1.8 என்போம். 18-55 அதே 50 அருகே எஃப் 5.6 வரைதான் திறக்கும். இது ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அசையாத கல்லுக்கு நடுக்கம் குறைக்கும் வசதி கைகொடுக்கும். அகல் விளக்கொளியில் பாடும் ஓதுவாருக்கோ, திருவையாற்று ஆராதனையில் மாலையில் தவில் வாசிப்பவர் கைகளுக்கோ அது உதவாது. அங்கே இந்தச் சின்ன லென்ஸ்தான் வேண்டும்.

வயல்களைத் தேடிப் போகிறவருக்கு மட்டும் எங்கள் விடை வேறு. தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஏறி நிற்க ஒரு குன்றில்லாத இந்தச் சமவெளியில் பாலமே நமக்கு மலை. 18இல் எடுத்தால் முக்கால் பங்கு வானமும் ஒரு பச்சைக் கோடும் மிஞ்சும். 55-250 லென்ஸை 200க்குமேல் நீட்டினால் வரப்புக்குப் பின் வரப்பு, தென்னை வரிசை, அதற்கும் பின்னே ஒரு கோபுரம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்கும். உழவு டிராக்டருக்குப் பின்னால் இறங்கும் கொக்குகளுக்கும் இதுவே. பெரிய கோயில் விமானத்தின் வடமுகத்தில் தொப்பியணிந்து நிற்கும் அந்த விசித்திர உருவத்தை முகம் தெரிய எடுக்கவும் இதுவே. நாற்று நடும் பெண்களைத் தொலைவிலிருந்து இதைக்கொண்டு எடுப்பது மட்டும் எங்களுக்கு உவப்பில்லை. வரப்பில் போய்ப் பேசிவிட்டு, ஐம்பதால் எடுக்கலாம்.

மிரர்லெஸ் காமிராக்களுக்குப் பலர் மாறிவிட்டதால் பழைய லென்ஸ்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல்போல் ஏதேனும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊரில் நல்ல லென்ஸுக்கும் அது வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நெல் விளையும் ஊர்தானே என்று அரிசிக்குள் புதைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தவிடும் மாவும் ஜூம் வளையத்துக்குள் போய்விடும். அரிசியை உலைக்கு விட்டுவிடுங்கள்.