விழாத பாலங்கள்

பாலம் விழுந்தால் செய்தி. விழாமல் நின்றால் செய்தியில்லை. பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற கசப்பான பாடங்களுள் இதுவும் ஒன்று.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018 ஆகஸ்ட் 14ஆம் திகதி கொட்டும் மழையில் மொராண்டி பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. 43 பேர் மாண்டனர். 1967இல் திறக்கப்பட்ட அப்பாலத்தைத் தாங்கிய உருக்கு வடங்கள் கொங்கிறீற்றுக்குள் மறைந்திருந்தன. உள்ளே துரு அரிப்பதைக் கண்ணால் காண இயலாது. வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியே 1979இல் அரிப்புக் குறித்து எச்சரித்திருந்தார். 1990களில் ஒரு கோபுரத்தின் வடங்களைப் பலப்படுத்தினர். விழுந்தது மற்றொரு கோபுரம்.

பொறியியலாளர்கள் இப்போது 'டிஜிட்டல் இரட்டை' பற்றிப் பேசுகின்றனர். அது கணினியில் வரைந்த வெறும் படமன்று. பாலத்தில் பொருத்திய உணரிகள் அனுப்பும் அதிர்வையும் வெப்பத்தையும் இழுவிசையையும் ஏற்று, அசலோடு சேர்ந்து தானும் மூப்படையும் மாதிரி. ஒரு வடம் தளர்ந்தால் என்னாகும் என்பதை எவருடைய உயிரையும் பணயம் வைக்காமல் அதில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஜெனோவாவில் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, ரென்சோ பியானோவின் புதிய பாலத்தில் உணரிகளும் அடிப்பகுதியை ஆராயும் ரோபோக்களும் உள்ளன.

நல்லதுதான். ஆயினும் என் ஐயம் தீரவில்லை. ஒரு கோபுரத்தின் நோயை அறிந்தவர்கள் மற்றதை ஐயுறாமலா இருந்திருப்பார்கள்? அதன் முறை வருமுன் அது விழுந்துவிட்டது.

இரட்டை நோயைச் சொல்லும். மருந்துக்குப் பணம் ஒதுக்கிக் கையொப்பமிட வேண்டியவன் மனிதனே. அந்தக் கையொப்பம் தாமதிக்கும் நாளிலேயே கேள்வி கேட்பது எங்கள் கடமை. விழுந்தபின் எழுதுவது எளிது.