தைத்த படகு

தேஹு ரோட்டில் சமுத்திரம் கிடையாது. ரெயில் நிலையமும், ராணுவ டிப்போவும், மழைக்காலத்தில் பசேலென்று எழும் குன்றுகளும், சற்றுத் தொலைவில், நீரில் எறியப்பட்ட துக்காராம் மகராஜின் அபங்க ஏடுகள் பதின்மூன்று நாட்களுக்குப் பின் நனையாமல் மீண்டன என்று பக்தர்கள் போற்றும் இந்திராயணி நதியுமே உள்ள இப்பிரதேசத்தில், கடலையே கண்டிராத என் பேரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரும் வர்ணப் பெட்டியுமாக உட்கார்ந்து, என் சுவரில் தொங்கும் பழைய சென்னைக் கடற்கரைப் படத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தான்.

அது கம்பெனி காலத்து நீர்வர்ணச் சித்திரம் ஒன்றின் அச்சுப் பிரதி. புகைப்படக் கருவி பிறவாத அந்நாளில், கரையின் தோற்றத்தையும் கோட்டையின் அமைப்பையும் கண்ட மாத்திரத்தில் காகிதத்தில் பதித்துக்கொள்வது படை உத்தியோகஸ்தர்களுடைய தொழிலில் ஓர் அங்கமாயிருந்தபடியால், இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கலாசாலையில் பால் சாண்ட்பி என்னும் நீர்வர்ண நிபுணர் 1768 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சித்திர ஆசிரியராக விளங்கினார். 1780-களில் ரீவ்ஸ் சகோதரர்களின் வர்ணக் கட்டிகள் பிரசித்தமடைந்தன. எண்ணெய் வர்ணம் உலர நாட்கணக்காகும்; இதுவோ கடற்காற்றில் சில நிமிஷங்களில் உலர்ந்துவிடும் ஆதலால், கட்டிப் பெட்டி கப்பலேறியது இயற்கையே.

துறைமுகமற்ற அன்றைய சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, பிரயாணிகள் மசூலா படகிலேறி, உடைந்து சீறும் அலைகளைக் கடந்துதான் கரை சேர வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் அக்காட்சியைத் திரும்பத் திரும்ப எழுதியதில் வியப்பில்லை. அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். விறைப்பாக இருந்தால் அலை மோதித் தரையில் அறையும்போது பிளந்துவிடும். தைத்ததோ நெகிழ்ந்து கொடுக்கும். என் படத்தில் அத்தையல் இழை இழையாகத் தெரிகிறது. துடுப்புப் போடுகிறவர்களின் முகங்களோ வெறும் பழுப்புத் தீற்றல்கள். தையலை அவ்வளவு சிரத்தையாகக் கவனித்தவருக்கு, அதைத் தைத்தவனுடைய பெயரை ஓரத்திலேனும் குறித்துவைக்கத் தோன்றவில்லையே என்பது எனக்குத் தீராத மனத்தாங்கல். ஆயினும் அந்தத் தூரிகை இல்லாவிடில் இத்தனையும் நம் கண்ணுக்குக் கிடைத்திராது என்று எண்ணும்போது நன்றியும் சேர்ந்தே எழுகிறது.

பேரன் பலகைகளின் விளிம்பில் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தான், ஆணிகளாம். "ஆணி இல்லையடா, கயிற்றால் தைத்த படகு" என்றேன். நம்பாமல் எழுந்துபோய்ப் படத்தில் மூக்கு உரச உற்று நோக்கிவிட்டு வந்தவன், புள்ளிகளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, பழுப்பு வர்ணத்தில் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போடத் தொடங்கினான்.