இடிபாடுகளின் மேல் எழுந்த ஆலயம்

அயர்லாந்தின் தென்கிழக்கே, கில்கென்னி மாவட்டத்தில், பாரோ நதியின் கரையில் கிரேக்னமானா என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ‘துறவியரின் ஊர்’ என்பது அப்பெயரின் பொருள். ஊரின் நடுவே ஓடிவந்து பாரோவில் கலக்கும் ஓடைக்கு டூயிஸ்கி, அதாவது ‘கருநீர்’, என்று பெயர். அதன் பெயரையே அங்குள்ள மடாலயமும் தாங்கி நிற்கின்றது.

1204-ஆம் ஆண்டில் பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷல் இம்மடத்தை நிறுவினார். இங்கிலாந்திலிருந்து வந்த சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் செபத்தையும் உழைப்பையும் இரு கண்களாகக் கொண்டு இங்கு வாழ்ந்தனர். அயர்லாந்தில் அச்சபையினர் எழுப்பிய மிகப் பெரிய ஆலயங்களுள் இதுவும் ஒன்று.

நதியின் போக்கில் சிறிது தொலைவு சென்றால் புனித மோலிங் ஏழாம் நூற்றாண்டில் மடம் அமைத்த தலத்தை அடைகின்றோம். 1348-இல் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் அச்சத்தோடு திரள்திரளாக அங்கு வந்து புனித நீரில் இறங்கினர். இதனை எழுதி வைத்தவர், கில்கென்னியில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி ஜான் கிளின். சாவை எதிர்நோக்கியிருந்த அவர், எவரேனும் உயிர் பிழைத்தால் தம் பணியைத் தொடரட்டும் என்று எழுதாத தோலேடுகளையும் விட்டுச் சென்றார். எத்துணை நம்பிக்கை!

அந்த நம்பிக்கைக்கு மற்றொரு சோதனை வந்தது. 1536-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் டூயிஸ்கி மடம் கலைக்கப்பட்டது. துறவியர் அகன்றனர், நிலங்கள் பிறர் கைக்குச் சென்றன. 1774-இல் ஆலயத்தின் கோபுரமும் சரிந்து உள்ளே விழுந்தது. ஆயினும் மக்களின் விசுவாசம் சரியவில்லை. 1813-இல், அதாவது 277 ஆண்டுகளுக்குப் பின்னர், ஆலயம் மீண்டும் கூரை வேயப்பெற்றுக் கத்தோலிக்க வழிபாட்டிற்குத் திரும்பியது. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றதோ 1829-இல்தான்!

விழுந்த கற்குவியலை முற்றிலும் அகற்ற இயலாமல், அதன்மீதே தளம் பரப்பினர். எனவே துறவியர் நடந்த பழைய தரை இன்றைய தரைக்குக் கீழே ஏறத்தாழ ஐந்தடி ஆழத்தில் உள்ளது. அவர்கள் ஆலயத்திற்குள் நுழைந்த அழகிய வாயிலைக் காணவும் நாம் படியிறங்கிச் செல்ல வேண்டும். 1970, 80-களில் ஆலயம் சீராகப் புதுப்பிக்கப்பட்டது. இன்று அது பங்கு ஆலயமாக விளங்குகின்றது.

அன்பார்ந்த குடும்பங்களே, கல்லாலான ஆலயத்தை அரசனும் பறிக்கலாம், காலமும் வீழ்த்தலாம். ஆனால் இல்லங்களில் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கற்பித்த செபத்தை எவரால் பறிக்க இயலும்? பத்துத் தலைமுறையாயினும் அது கைமாறி வந்தமையாலன்றோ, கூரை எழுந்த நாளில் அதன்கீழ் மண்டியிட மக்கள் இருந்தனர்! நம் பிள்ளைகளுக்கு நாம் எதனை விட்டுச் செல்கின்றோம்?