வாணர் பாலம் தாண்டி ஓர் அடுப்படி

யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவான் போகும் பஸ், பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணையையும் தாண்டி வாணர் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். பஸ்ஸில் பாதிப்பேர் நயினாதீவுக்குப் போகிறவர்கள். புங்குடுதீவு மடத்துவெளியில் இறங்கியது நானும் ஒரு முதியவரும்தான்.

வழியெங்கும் பெரிய கல்வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 1991 இல் தீவே இடம்பெயர்ந்தது. பலர் திரும்பி வரவில்லை. வந்தவர்களுக்குக் கிணற்றில் உவர்நீர். குடிக்கப் பவுசர் தண்ணீர்.

நான் பார்க்கப் போனது போரில் கணவரை இழந்த ஓர் அக்காவை. மகளோடும் பேத்தியோடும் இருக்கிறார். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா பரவியது. அங்கிருந்து ஊர் வந்த ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் புங்குடுதீவு முடக்கப்பட்டது. முடக்கம் நீங்கிய பின் ஒரு படிவத்தோடு அவரிடம் போனேன். "ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுறியள்?" என்று கேட்டேன். "மூண்டு நேரம்." சரி என்று அடையாளமிட்டு எழும்பினேன்.

"தங்கச்சி, என்ன சாப்பிடுறம் எண்டு கேக்கேல்லையே?"

காலையில் ரொட்டியும் சம்பலும். மத்தியானம் சோறும் பருப்பும். இரவில் புட்டும் சீனியும். பொதியில் நாங்கள் கொடுத்த அரிசி, மா, சீனி, பருப்பு அப்படியே அவர் தட்டில் இருந்தது. வீட்டுக் கோழி இட்ட முட்டை கடைக்குப் போய், தேயிலையாகத் திரும்பி வந்தது. மீன் கிடைத்த நாளில் துண்டு பேத்திக்கு, குழம்பு மகளுக்கு. அக்கா சட்டி வழித்துச் சாப்பிட்டார். வாசிக்கும் உங்களுக்கும் இது புதிதல்ல என்று நினைக்கிறேன்.

சமூகவியல் படித்த எனக்கு அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி குறைகிறது என்று தெரியவில்லை.

அவருடைய தங்கை கொழும்பு முகத்துவாரத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த ஒக்டோபர் கடைசியில் அங்கும் முடக்கம். கூலி வேலை நின்றது. அங்கே சோறும் பருப்பும்தான், ஒரு பிடி இலை ஒடிக்க வேலிகூட இல்லை. "இஞ்ச முருங்கை நிக்குது, அனுப்ப வழியில்லை" என்று அக்கா போனில் அழுதாராம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது இதைவிட நன்றாகச் சாப்பிட்டோம் என்கிறார் அக்கா. பழைய நாட்கள் நினைவில் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒரு விடயம் சரி. ஒடியல் மா தனியே வெறும் மாப்பொருள்தான். அதில் மீன், நண்டு, பயற்றங்காய், முருங்கை இலை எல்லாம் விழுந்து கூழாகும்போதுதான் அது முழுச் சாப்பாடு.

தொற்று அடங்கியதும் விலை ஏறியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் ஒரு வருடத்தில் 94.9 வீதம் கூடியிருந்தன. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெயில் ஓடும் படகுகள் கரையில் கிடந்தால் தீவிலும் மீன் அரிதுதான். பேத்தியின் நிறை, கிளினிக் அட்டைக் கோட்டுக்குக் கீழே இறங்கியது அப்போதுதான்.

இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். நிறை ஏறியிருக்கிறது. முருங்கைக்கு அரிசி கழுவிய தண்ணீர் போகிறது. முட்டையில் பாதிதான் கடைக்குப் போகிறது. அதற்கு மகளோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்ததாம். இலைவறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் குறையும் என்று சொன்னேன். "தேத்தண்ணியை மட்டும் விடச் சொல்லாதேங்கோ" என்று சிரித்தார். விட வேண்டாம், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ என்றேன்.

மத்தியானம் எனக்குத்தான் முதல் தட்டு வந்தது. நீங்களும் இருந்தால்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். கனநேரம் மறுத்துவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு இருந்தார். முட்டைப் பொரியலில் ஒரு துண்டை நான் அவர் தட்டில் வைத்தேன். அதைப் பிய்த்துப் பேத்திக்கென்று ஒரு கோப்பையில் மூடி வைத்தார். பாதியை மட்டும்.